பலகையில் டயர் தடம்

அத்தியாயம் 11

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு, செஞ்சி அரங்கநாதன் மில்லின் நெல் காயப்போடும் களத்தில் இருந்தவர்கள்:

உமர் பாரூக். பத்தொன்பது வயது. பிளஸ் டூவில் இரண்டு முறை தோற்றவன். அத்தா ஜகபர் அலியின் தச்சுப் பட்டறையில் வேலை செய்வதாகப் பெயர்.

பச்சமுத்து. மில்லில் நெல் அவிப்பவன். களத்துக் கேட்டின் சாவி அவனிடம்தான் இருக்கும். முதலாளிக்குத் தெரியாமல் கேட்டைத் திறந்துவிட அவன் கேட்கும் கூலி, களத்தைச் சுற்றி சைக்கிளில் இரண்டு ரவுண்டு.

மங்கை. பச்சமுத்துவின் மனைவி. களத்தைக் கூட்ட வந்தவள். கூட்டாமல் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

அப்புறம் அந்த பி.எம்.எக்ஸ் சைக்கிள். சிவப்பு நிறம், சின்னச் சக்கரம், பல் பல்லாக டயர், மட்கார்டு கிடையாது. செஞ்சியில் அப்படி ஒன்று அது மட்டும்தான். அக்கா மெஹர் பானுவின் கணவர் தாவூத், குவைத்திலிருந்து நீண்ட லீவில் வந்தபோது அட்டைப்பெட்டியில் சுமந்து வந்து மைத்துனனுக்குக் கொடுத்தது. பாரூக்கின் வீட்டில் ஐந்து மாதமாக நடக்கும் எல்லாச் சண்டைக்கும் அந்தப் பெட்டிதான் ஆரம்பம்.

மறுநாள் ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு விழுப்புரத்தில் ஒரு சைக்கிள் கம்பெனி ஆள் எடுக்கிறது. ஊர் ஊராகப் போய் புது மாடல் சைக்கிளில் வித்தை காட்ட நாலு பேர் வேண்டும். மாதச் சம்பளம், தங்க இடம், மதராஸில் பயிற்சி. மூன்று வித்தை செய்து காட்டினால் போதும்.

முதல் வித்தை, முன் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு பின் சக்கரத்திலேயே இருபது அடி ஓட்டுவது. பச்சமுத்து இதற்குக் குதிரை என்று பெயர் வைத்திருந்தான். இரண்டாவது, முன் பிரேக்கைப் பிடித்துப் பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்துவது. இதன் பெயர் மூக்குக்குத்து. இரண்டு முழங்கையின் தோலையும் கொடுத்து பாரூக் இவற்றைக் கற்றுக்கொண்டான்.

மூன்றாவது, சரிவாக வைத்த பலகையில் வேகமாக ஏறி, அந்தரத்தில் போய், விழாமல் இறங்குவது. மூன்று வாரமாக அது வரவில்லை. அதற்குப் பெயரும் வைக்கவில்லை.

"வரட்டும், வெச்சிக்கலாம்" என்று சொல்லியிருந்தான் பச்சமுத்து.

வியாழக்கிழமை பழைய பலகை உடைந்துபோனது. அது சோப்புப் பெட்டி மூடி, அவ்வளவுதான் தாங்கும். அதனால் இன்று விடிவதற்கு முன், அத்தா பள்ளிவாசலுக்குத் தொழப் போன நேரம் பார்த்து, பட்டறைச் சுவரில் சாய்த்திருந்த பலகைகளில் ஒன்றை பாரூக் தலையில் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். இருப்பதிலேயே வழவழப்பான பலகை. ஆறடி நீளம், இரண்டடி அகலம். நடுவில் லேசான பள்ளம், ஒரு முனையில் துளை. இது எதற்கான பலகை என்று அவன் யாரையும் கேட்கவில்லை. அந்த வீட்டில் மரத்தைப் பற்றிக் கேள்வி கேட்டால் கையில் இழைப்புளியைக் கொடுத்துவிடுவார்கள்.

பலகையின் ஒரு முனையைத் தரையில் வைத்து, மறு முனைக்கு அடியில் இரண்டு தவிட்டு மூட்டைகளைக் கொடுத்தார்கள்.

"இன்னா பாரூக்கு, நடுவுல பள்ளமா இருக்குது?" என்றான் பச்சமுத்து.

"நல்லதுதாண்ணா. சக்கரம் ஒதுங்காம நேரா போவும்."

முதல் தடவை பலகையின் பாதியிலேயே கை தானாகப் பிரேக்கைப் பிடித்தது. இரண்டாம் தடவை ஏறினான். ஆனால் முன் சக்கரம் தலை குப்புறக் கவிழ்ந்தது. உள்ளங்கை சிமெண்டில் தேய்ந்தது.

"எறங்கறப்ப தலையில எறங்காதப்பா" என்றாள் மங்கை. "உங்கம்மா எங்களத்தான் வந்து கேப்பாங்க."

சைக்கிளோடு வந்த புத்தகத்தில் படம் இருந்தது. இங்கிலீஷ் அவனுக்குப் புரியவில்லை. அம்புக்குறி புரிந்தது. பலகையின் நுனியில் ஓட்டுகிறவனின் இடுப்பு சீட்டுக்குப் பின்னால் போகிறது. கை நீள்கிறது. இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. இதையெல்லாம் அவன் மனப்பாடமாகச் சொல்வான். நுனி வரும்போது மட்டும் உடம்பு முன்னால் சுருண்டுகொள்ளும்.

நாலாவது தடவை விழுந்து எழுந்தபோது பச்சமுத்து பக்கத்தில் வந்து குந்தினான்.

"நீ எத்தப் பாக்கற?"

"பலகைய."

"பலகையப் பாத்தா பலகையிலதான் வுழுவ. அதோ அந்த கேட்டப் பாரு."

பாரூக் களத்தின் கடைசிக்குப் போனான். அங்கிருந்து மிதித்தான். கேட்டை மட்டும் பார்த்தான். பலகையில் ஏறிய சத்தம் கேட்டது, பிறகு சத்தம் நின்றது. இடுப்பு பின்னால் போனது. கை நீண்டது. பின் சக்கரம் முதலில் சிமெண்டைத் தொட்டது, முன் சக்கரம் அதன் பிறகு. கேட் வரை போய்த்தான் அவனுக்கு நிறுத்தத் தெரிந்தது.

பச்சமுத்து கத்தவில்லை. பீடியை வாயிலிருந்து எடுத்தான், அவ்வளவுதான்.

"வந்துட்டுச்சிடா" என்றான்.

அந்தக் குதிப்புதான் சரியாக வந்தது. அதே குதிப்பில்தான் பலகையும் பிளந்தது. துளையிலிருந்து பள்ளத்தின் வழியாகப் பாதி தூரத்துக்கு விரிசல். பலகையின் மேல், கருப்பாக, பல் பல்லாக ஒரே தடம்.

மங்கை அதைத் துடைப்பத்தால் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை.

அப்போது பள்ளிவாசல் மைக் கரகரத்தது. இன்னாலில்லாஹி என்று தொடங்கியதும் பாரூக் கையைத் தூக்கி இருவரையும் பேசாமல் இருக்கச் சொன்னான். தாவூத் அவர்களின் தாயார் சாகிரா பீ மௌத்தாகிவிட்டார்கள். மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்.

அக்காவின் மாமியார். மூன்று வாரமாகப் படுக்கையில் கிடந்தவர்.

"உங்கக்கா மாமியாராடா?" என்றான் பச்சமுத்து. "கெளம்பு. நான் சைக்கிளத் தள்ளிக்கினு வரேன்."

பாரூக் பிளந்த பலகையைத் தலையில் ஏற்றிக்கொண்டான். சாவு வீட்டு அவசரத்தில் அத்தா ஒரு பலகையைக் கவனிக்க மாட்டார் என்று அவன் நினைத்தான்.

*

பட்டறை, வீட்டின் முன் பக்கத்திலேயே இருந்தது. ஜகபர் அலி சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில், பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் கையில் இரண்டு வாளியோடு நின்றார்.

"இங்கதான் வெச்சிருந்தேன்" என்றார் ஜகபர் அலி. "காலு ரெண்டு செட்டும் இருக்குது. பலகையக் காணோம்."

"மணி எட்டாவுது பாய். வெயில் ஏறிச்சின்னா கஷ்டம். குளிப்பாட்டறவங்க வந்துட்டாங்க."

பாரூக் வாசலில் பலகையோடு நின்றான். குளிப்பாட்டுகிறவர்கள் என்ற சொல் அவன் காதில் விழுந்தது. நடுவில் பள்ளம், தண்ணீர் ஓடுவதற்கு. துளை, தண்ணீர் இறங்குவதற்கு. தலையில் இருந்த பலகையை அவனால் இறக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

மோதினார்தான் முதலில் பார்த்தார்.

"இதா வருதே" என்றார்.

ஜகபர் அலி திரும்பினார். மகனைப் பார்த்தார். பின்னால் பச்சமுத்து தள்ளிக்கொண்டு வந்த சைக்கிளைப் பார்த்தார். பலகையை இறக்கிச் சுவரில் சாய்த்தார். விரிசலில் விரலை வைத்துக் கடைசிவரை ஓட்டினார்.

மய்யித்தை, இறந்தவர் உடலை, குளிப்பாட்டும் பலகை அது. கால் ஆட்டம் கண்டதால் ஜமாஅத்தில் சரிபார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இருபது வருடமாக அந்த வேலையை ஜகபர் அலிதான் செய்கிறார். ஒரு தடவைகூட வீட்டில் சொன்னதில்லை. காலைக் கழற்றி, மேல் பக்கம் இழைத்து, மற்ற பலகைகளோடு பலகையாகச் சாய்த்து வைத்துவிடுவார். சொன்னால் மனைவி ஹுசைன் பீ அதை வீட்டுக்குள் விடமாட்டாள்.

இப்போது ஹுசைன் பீ உள்கதவில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எத்தினி நாளா இருக்குது இது இங்க?" என்றாள்.

"புதன்கெழமையிலேர்ந்து."

"நான் அது மேலதான் நேத்து வடாம் காயப்போட்டேன்."

பச்சமுத்து சைக்கிளைச் சுவரோரம் நிறுத்திவிட்டு, வேலை இருப்பவன்போல் நழுவினான்.

"புள்ளத்தாச்சிப் பொண்ணு தெனம் வந்து போற வீடு" என்றாள் ஹுசைன் பீ. "நேத்து சாயங்காலம் மெஹர் அதுமேல சாஞ்சி நின்னு பேசிக்கினு இருந்தா. சொல்றதுக்கு உங்களுக்கு வாயில்லையா?"

"இமாம் ஹஜ்ரத்த கேட்டாச்சும்மா" என்றார் மோதினார். "பலகைக்கு ஒண்ணும் இல்ல. மரம்தான். கழுவினா முடிஞ்சது."

"ஹஜ்ரத்து வீட்ல வெச்சிக்கச் சொல்லுங்க."

அந்த நேரம் தாவூத் வந்தான். வெள்ளைச் சட்டை, கசங்கிய கைலி. இரவெல்லாம் தூங்காத கண். தாமதம் ஏன் என்று கேட்க ஆளை அனுப்பாமல் அவனே வந்திருந்தான்.

"இன்னா மாமா, பலகை ரெடியா?"

ஜகபர் அலி பலகைக்கு முன்னால் நகர்ந்து நின்றார். அவர் மெலிந்த ஆள். பலகை அவருக்கு இரண்டு பக்கமும் தெரிந்தது.

"பொளந்துடுச்சி மாப்ள. நான்தான். எழைக்கறப்ப கை தவறிடுச்சி."

தாவூத் அவரை ஒதுக்கிவிட்டுப் பார்த்தான். அந்த டயரைப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டியவனே அவன்தான். அந்தப் பல் எப்படி இருக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"எழப்புளிக்கு டயர் போட்டிருக்கீங்களா மாமா?" என்றான்.

மோதினார் வாளிகளைத் தரையில் வைத்தார்.

"மச்சான், எனக்கு அது இன்னான்னே தெரியாது" என்றான் பாரூக். "சத்தியமா. சும்மா பலகன்னு நெனச்சிதான்..."

தாவூத் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"இதுல எங்கம்மாவப் படுக்க வெக்கணுமா மாமா? சொல்லுங்க. நீங்க சொன்னா தூக்கிட்டுப் போறேன்."

"இல்ல" என்றார் ஜகபர் அலி. "நாலு மணிநேரம் குடு. புதுசு தரேன்."

"லுஹருக்கு அடக்கம்னு மைக்ல சொல்லியாச்சி."

"சாயங்காலம் அஸருக்குன்னு மாத்திச் சொல்லச் சொல்றேன்" என்றார் மோதினார், தயங்கி. "பள்ளியில ஒரு பெஞ்சும் இருக்குது. அவசரத்துக்கு..."

"பெஞ்சுலயா" என்றான் தாவூத். அதோடு போய்விட்டான்.

*

அனந்தபுரத்துக்காரர் ஒருவரின் கதவுக்காக எடுத்து வைத்திருந்த வேங்கைப் பலகையை ஜகபர் அலி இறக்கினார். கதவுக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

"புடி" என்றார்.

பாரூக் பிடித்தான். இரண்டு மணிநேரம் அப்பாவும் பிள்ளையும் அளவைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. ஆறடி இரண்டு இஞ்ச். இரண்டடி. பள்ளம் நடுவில் கால் இஞ்ச், ஓரத்துக்கு வரும்போது ஒன்றுமில்லாமல் போகணும். பாரூக் இழைத்தான். தேய்ந்த உள்ளங்கையில் ரத்தம் கசிந்தது. மரத்தில் படாமல் சட்டையில் துடைத்துக்கொண்டு திரும்பவும் பிடித்தான். இந்தப் பட்டறையில் அவன் ஒரு பலகையை முழுதாக இழைத்தது இதுதான் முதல் முறை.

"ஏன் அத்தா எங்கிட்ட சொல்லல?" என்றான் கடைசியில்.

"சொல்லிருந்தா?"

"தொட்டிருக்க மாட்டேன்."

"அதான். எவனும் தொட மாட்டான். காலு ஆடுதுன்னா ஆள் வேணும், பொளந்துடுச்சின்னா ஆள் வேணும். வீட்ல வெக்கறதுன்னா மட்டும் யாருக்கும் ஆவாது." ஜகபர் அலி துளை போடும் இடத்தைப் பென்சிலால் குறித்தார். "உங்கம்மாவுக்கு பயந்துக்கினு சொல்லல. எல்லாத்துக்கும் பெரிய காரணம் இருக்காது."

அவர் துளையைக் குடைந்தார். தூளை ஊதினார்.

"அது மேல ஏறி எவ்ளோ ஒசரம் போன?"

பாரூக்குக்குக் கேள்வி புரியச் சற்று நேரமானது.

"மூணடி."

"பொய்."

"ரெண்டு இருக்கும்."

ஜகபர் அலி பள்ளத்தில் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் ஓரத்துக்குச் சிதறாமல் நேராக ஓடித் துளையில் இறங்கியது.

"காலைப் பூட்டு" என்றார்.

"அத்தா. நாளைக்கு..."

"காலைப் பூட்டுன்னேன்."

*

சாகிரா பீயின் வீட்டில், மெஹர் பானு குர்ஆன் ஓதும் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். ஐந்து மாதம். குளிப்பாட்டும் இடத்துக்கு அவளை விடவில்லை. மூன்று வாரமாக மாமியாருக்குக் கஞ்சி ஊட்டியவள், துணி மாற்றியவள், கடைசி வேலைக்கு மட்டும் வேண்டாதவளாக இருந்தாள்.

புதுப் பலகை வாசலில் வந்து இறங்கியது. அத்தா ஒரு முனை, தம்பி மறு முனை. தம்பி தலையைத் தூக்கவில்லை.

"இவன்தானா அந்த வித்தக்காரன்?" என்றாள் தாவூத்தின் சின்னம்மா, ஓதுவதை நடுவில் நிறுத்தி.

"இவன்தான்" என்றாள் பக்கத்தில் ஓதியவள்.

"நல்ல வேள, அக்காவப் படுக்க வெச்சப்புறம் ஏத்தாம இருந்தானே."

ஒருத்திக்குச் சிரிப்பு வந்து முந்தானையால் மூடிக்கொண்டாள். மெஹர் பக்கத்தைப் புரட்டினாள். எழுத்து எதுவும் அவள் கண்ணில் பதியவில்லை.

இன்று காலை வரை அவள் தம்பியின் கட்சி. அத்தா சைக்கிளைக் கிணற்றில் போடுவேன் என்றபோது குறுக்கே நின்றவள் அவள். அவன் முழங்காலுக்குப் பழைய மெத்தைத் துணியில் பட்டை தைத்துக் கொடுத்தவள் அவள். விழுப்புரத்து நோட்டீஸை பேப்பரில் பார்த்துக் கத்தரித்துக் கொடுத்ததும் அவள்தான்.

அஸருக்குப் பிறகு அடக்கம் முடிந்தது. ஐந்து மணிக்கு மேல் தாவூத் கபர்ஸ்தானிலிருந்து திரும்பினான். காலில் மண். நேராகப் பின்கட்டுக்கு வந்து அவளைக் கூப்பிட்டான்.

"உன் தம்பிய அங்க பாத்தேன். நாளைக்குப் போறியாடான்னு கேட்டேன்."

"இன்னா சொன்னான்?"

"போவணும் மச்சான்னு சொல்றான். கபுர்ல மண்ணு தள்ளிட்டு, கைய தட்டிக்கினே சொல்றான்."

மெஹர் தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தாள். அவன் காலில் ஊற்றிக்கொண்டான்.

"நான் பத்து நாள்ல ஃப்ளைட் ஏறிடுவேன். இந்தத் தெருவுல எங்கம்மாவப் பத்தி எப்டி பேசுவாங்கன்னு கேக்கறதுக்கு நான் இருக்க மாட்டேன். மௌத்தான மறுநாள் மருமக தம்பி மைதானத்துல குதிச்சான்னு பேசுவாங்க. பேசட்டும். அவன் நாளைக்கு அந்த சைக்கிள்ல ஏறினான்னு தெரிஞ்சா, நீ உங்க வீட்டுக்குப் போயிடு. புள்ளையயும் அங்கயே பெத்துக்க. நான் கூப்ட வரமாட்டேன்."

"அந்த சைக்கிள் நீங்க வாங்கியாந்தது."

"அதான் சொல்றேன்" என்றான் தாவூத். முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டான்.

அவன் கோபத்தில் சொல்கிறானா என்று மெஹர் பார்த்தாள். கோபமாக இருந்தால் பரவாயில்லை. இரண்டு வருடத்தில் அவள் கண்டது, அவன் கோபத்தில் சொல்வது எதுவும் மறுநாள் இருக்காது. நிதானமாகச் சொன்னது எதுவும் மாறியதில்லை. இப்போது அவன் நிதானமாகத்தான் சொன்னான்.

"துணி எடுத்துக்கினு வரேன்" என்று சொல்லிவிட்டு, அம்மா வீட்டுக்கு நடந்தாள்.

*

இருட்ட இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. ராஜகிரிக் கோட்டை உச்சியில் மட்டும் வெயில் மிச்சமிருந்தது. ஹுசைன் பீ பட்டறைத் தரையை மூன்றாவது முறையாகக் கழுவிவிட்டிருந்தாள். பிளந்த பலகையைக் காணவில்லை. ஜகபர் அலி பள்ளிவாசலில் இருந்தார்.

பாரூக் கூடத்தில் ஒரு பைக்குள் சட்டை, கால்சட்டை, அந்த நோட்டீஸ் எல்லாவற்றையும் திணித்துக்கொண்டிருந்தான்.

"சாப்டியா?" என்றாள் மெஹர்.

"இல்ல. வேணாம்."

"பஸ் எத்தினி மணிக்கு?"

"காலைல ஏழுக்கு ஒண்ணு. மேல சைக்கிள் ஏத்தணும், கண்டக்டர் தெரிஞ்சவரு. முன்னாடியே போயிட்டா அங்க ரெண்டு தடவ பழகிக்கலாம்." அவன் நிமிர்ந்தான். "அக்கா, இன்னிக்கு காலைல வந்துட்டுச்சி. குதிச்சி எறங்கிட்டேன். உங்கிட்டதான் மொதல்ல சொல்லணும்னு இருந்தேன். அதுக்குள்ள..."

"தெரியும். தெரு முழுக்க தெரியும்."

அவன் பையின் வாயைக் கட்டினான்.

"உங்க மச்சான் சொன்னது உனக்குத் தெரியுமா?" என்றாள்.

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. போறியான்னு மட்டும் கேட்டாரு."

"எங்கிட்ட சொன்னாரு." அவள் சொன்னாள். ஒரு வார்த்தையும் கூட்டாமல், குறைக்காமல், பின்கட்டில் கேட்டபடியே சொன்னாள்.

பாரூக் பையின் முடிச்சை இன்னொரு முறை இறுக்கினான்.

"கோவத்துல பேசறாரு. அம்மா போயிட்டாங்க இல்ல. ரெண்டு நாள்ல சரியாயிடும்."

"சரியாவலன்னா?"

"ஆயிடும்கா."

"ஆவலன்னா? பத்து நாள்ல அவரு குவைத்து போயிடுவாரு. லெட்டர்ல சரியாவுமா?"

"வேலை கெடச்சா உன்ன நான் பாத்துக்க மாட்டனா?"

மெஹர் சிரித்துவிட்டாள். சிரிப்பு அவளுக்கே நன்றாக இல்லை.

"எப்டி? குதிர ஓட்டியா? எம்புள்ள அத்தா எங்கன்னு கேட்டா, உன் மாமன் மூக்குக்குத்து காட்டப் போயிருக்கான்னு சொல்லட்டா?"

"நீதானக்கா நோட்டீச வெட்டிக் குடுத்த."

"ஆமா."

"இதுக்கு அடுத்த தடவ கெடையாது. நாலே பேரு. நாளைக்கு உட்டா நான் இந்தப் பட்டறையிலயே கெடக்க வேண்டியதுதான். அத்தா மாதிரி. ஊருக்கெல்லாம் மய்யித்துப் பலகை செஞ்சிக்கினு."

"ஒரு வருஷம் கழிச்சி வேற கம்பெனி வரும்."

"வராது. உனக்கும் தெரியும், வராது."

அவளுக்குத் தெரியும். தம்பியின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். இழைப்புளி பிடித்த இடத்தில் கொப்புளம் உடைந்து, களத்தில் தேய்ந்த காயத்தோடு ஒட்டியிருந்தது. எது எதனால் வந்தது என்று பிரிக்க முடியவில்லை.

"இந்தக் கைய வெச்சிக்கினு எப்டி புடிப்ப?"

"புடிப்பேன்."

"மருந்து போட்டுக்க."

"போட்டுக்கறேன். சைக்கிள் எங்கக்கா? சுவரோரம் வெச்சிருந்தேன், காணோம். அம்மா எங்கயாவது தூக்கிப் போட்டுட்டாங்களா?"

"மர ரூம்ல இருக்குது" என்றாள் மெஹர். "அத்தா கண்ல படக்கூடாதுன்னு நான்தான் வந்ததும் தள்ளி வெச்சேன். பின்னாடி, கதவுச் சட்டமெல்லாம் இருக்குதே, அங்க."

அவன் முகம் தெளிந்தது. அக்கா கடைசியில் தன் பக்கம்தான் என்று எடுத்துக்கொண்டான். ஐந்து மாதமாக அப்படித்தானே இருந்தாள்.

மர அறை கொல்லைப்புறத்தில் இருந்தது. கல் சுவர், ஒரே கதவு, மேலே கை நுழையும் அளவுக்குக் கம்பி வைத்த ஜன்னல். பாரூக் உள்ளே போனான். சைக்கிள் அவள் சொன்ன இடத்தில்தான் இருந்தது, சட்டங்களுக்குப் பின்னால். அவன் அதை வெளிச்சத்துக்கு இழுத்து, குந்தி உட்கார்ந்து, செயினை விரலால் அழுத்திப் பார்த்தான்.

"கொஞ்சம் தளர்ந்திருக்குதுக்கா. ஸ்பேனர் எடுத்துக்..."

வெளிச்சம் போனது. கதவு காற்றில் சாத்திக்கொண்டது என்றுதான் முதலில் நினைத்தான். பிறகு வெளியே கொக்கி விழும் சத்தம் கேட்டது.

"அக்கா."

செயினிலிருந்து கையை எடுத்தான்.

"அக்கா, நான் உள்ள இருக்கேன்."

"தெரியும்" என்றாள் மெஹர்.

அவன் எழுந்து வந்து கதவில் கை வைத்தான். தள்ளவில்லை. இரண்டு பேருக்கும் நடுவே ஜகபர் அலி செய்த இரண்டு இஞ்ச் தேக்கு இருந்தது.

"நாளைக்கு சாயங்காலம் தெறக்கறேன். சோறு ஜன்னல்ல தரேன்."

"தெறக்கா. ப்ளீஸ்க்கா. அத்தா வந்து கேட்டா இன்னா சொல்லுவ?"

மர அறைப் பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று அவள் கையில் இருந்தது. இன்னொன்று அத்தாவின் சட்டைப்பையில். அத்தா வந்து கேட்டால் என்ன சொல்வாள் என்று மெஹருக்குத் தெரியாது. கேட்காமலே அவர் திறந்துவிட்டால் என்ன செய்வாள் என்றும் தெரியாது.

அவள் பூட்டைக் கொக்கியில் மாட்டி, வயிறு கதவில் இடிக்காமல் சற்று விலகி நின்று, இரண்டு கையாலும் அழுத்திப் பூட்டினாள்.